மறு: காலிங் கன்வென்ஷனுக்கு ‘அழைப்பு மரபு’ பொருந்துமா?

வணக்கம். ஒரு நிரல் இன்னொன்றின் செயற்கூறை (ஃபங்ஷன்) அழைக்கும்போது உள்ளீடுகளை எப்படிக் கொடுப்பது, முடிந்ததும் யார் துடைப்பது என்ற வழக்கம்தான் காலிங் கன்வென்ஷன். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘அழைப்பு ஒப்பந்தம்’ என்றே வைக்கலாமே, இரு தரப்பும் ஒத்துப்போவதுதானே.

ஒப்பந்தம் வேண்டாம் என்பேன். அது காண்ட்ராக்டுக்கு வேண்டிய சொல். இங்கே யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. டிஎல்எல் (பிற நிரல்கள் அழைக்கும் செயற்கூறுகள் அடங்கிய கோப்பு) எழுதியவர் தன் பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறார், எக்செல் வேறொன்றை எதிர்பார்க்கிறது, மேக்ரோவை (எக்செலுக்குள் எழுதும் சிறு நிரல்) ஓட்டும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

போன வாரம் எனக்கு நடந்தது. 32-பிட் எக்செல், சி மொழியில் நானே டிஎல்எல்லாக எழுதிய சின்ன வட்டிக் கணக்கு, உள்ளீடு இரண்டு டபுள் (8 பைட்டுத் தசம எண்). கோப்பு கிடைத்தது, அதனால் பிழை 53 இல்லை. செயற்கூறின் பெயரும் கிடைத்தது, 453-ம் இல்லை. கணக்குகூட உள்ளே சரியாக முடிந்து, திரும்பி வரும் நேரத்தில் பிழை 49, அதாவது காலிங் கன்வென்ஷன் தவறு! உள்ளீடுகளை அடுக்கில் (ஸ்டாக்) வைத்துத்தான் அழைக்கிறோம், வேலை முடிந்ததும் அதை யார் துடைப்பது என்பதுதான் தகராறு. இதில் இரண்டு வழக்கங்கள்: எஸ்டிடிகால் (stdcall) என்றால் அழைக்கப்பட்டவர் துடைக்க வேண்டும், சிடெக்ல் (cdecl) என்றால் அழைத்தவர். எக்செலின் மேக்ரோ மொழியான விபிஏ-வுக்கு முன்னது, சி கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) நாம் எதுவும் சொல்லாவிட்டால் பின்னது. பந்தியில் சில வீடுகளில் சாப்பிட்டவரே இலையை எடுக்க வேண்டும், சில வீடுகளில் விருந்தாளி இலையில் கைவைத்தாலே பதறிவிடுவார்கள். இதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை, மரபுதான்.

(எஸ்டிடிகால் என்று மாற்றியதும் 453 வந்தது தனிக்கதை. இரண்டு டபுளுக்கு 16 பைட்டு என்று கணக்குப் போட்டு, கம்பைலர் செயற்கூறின் பெயரை ‘_வட்டி@16’ ஆக்கிவிட்டது. மேக்ரோவில் செயற்கூறை அறிவிக்கும் டிக்ளேர் வரியில் அந்தப் பெயரை ஏலியாஸாகக் (மாற்றுப்பெயர்) கொடுத்துச் சமாளித்தேன்.)

இன்னொரு வசதி, 49-க்கு ‘அழைப்பு மரபுப்பிழை’ என்று தானாகவே அமைந்துவிடுகிறது. பள்ளியில் ‘யானைக்குட்டி’ என்று எழுதினால் மரபுப்பிழை என்று மதிப்பெண் குறைப்பார்களே, பொருள் என்னவோ புரியத்தான் செய்யும், ஆனாலும் பிழை. என் வட்டிக் கணக்கும் அப்படித்தான்.

64-பிட் விண்டோஸில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன, பிறகு எதற்குச் சொல் என்று கேட்கலாம். 32-பிட் ஆபீஸில் ஓடும் பழைய மேக்ரோக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, சொல் வேண்டும்.

ஒரே உறுத்தல், இன்ஹெரிடன்ஸை (நிரலில் ஒரு வகுப்பின் பண்புகளை இன்னொன்று பெறுவது) ‘மரபுரிமம்’ என்கிறோம். அதனால் ‘மரபு’ என்று சுருக்காமல் எப்போதும் ‘அழைப்பு மரபு’ என்று முழுதாகவே எழுதுவோம். இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.