அரிய தட்டா, நல்ல பாட்டா?

நார்தர்ன் சோல் (வட இங்கிலாந்து நடன அரங்குகளில் கொண்டாடப்பட்ட, பெரும்பாலும் 1960களின் அமெரிக்க சோல் இசை) 45 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய இசைத்தட்டுகள், சேர்ப்பவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள். ஃபிராங்க் வில்சனின் 1965ஆம் ஆண்டுத் தட்டு 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. பாட்டும் அருமை, அதில் தகராறில்லை. ஆனால் விகன் கேசினோ என்ற இங்கிலாந்து நடன அரங்கின் காலத்து டிஜேக்கள், போட்டியாளர்கள் கண்டுபிடிக்காதபடி தட்டின் லேபிளை மறைத்து, போலிப் பெயர் சொல்லிச் சுழற்றியதில், கிடைக்காததெல்லாம் உசத்தி என்றாகிவிட்டது. இப்போது ஒரு வியாபாரி, யாருமறியாத குழுவின் டெமோ தட்டுக்கு (விற்பனைக்கு முன் விளம்பரத்துக்காகத் தரும் பிரதி) 300 பவுண்டு கேட்கிறார். டிரம்ஸ் பிரமாதம், பாடகரோ சுருதியைப் பிடிக்கவே திணறுகிறார். வாங்கலாமா? ஆர். டீன் டெய்லரின் ‘தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்’ 1974 மறுவெளியீடு பிரிட்டனில் 3ஆம் இடம் வரை போனது, இன்றும் மலிவு. அதுபோல் ஆடவைக்கும் மலிவுத் தட்டுகள் வேறென்ன? இன்னொன்று: அந்த டெமோவில் லேபிளை ஒட்டிய வளையத்தில் தட்டின் அடையாள எண் கையால் கீறியிருக்கிறது, கருவியால் குத்திய முத்திரை இல்லை. கள்ளப் பதிப்பாக இருக்குமா?