ராத்திரி ரெண்டு மணிக்கு மீட்டர் சுற்றினால்? உங்கள் தண்ணீர் பில் கதைகளைச் சொல்லுங்கள்

புழைக்கரை_மணி (சித்தூர். பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் இல்லை)

போன மாதம் நடந்தது. எழுதினால்தான் மண்டையை விட்டு இறங்கும் போலிருக்கிறது.

வீட்டில் நான்கு பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் 290 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். இந்த முறை இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். ரீடிங் எடுக்க வந்த பையனிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவன் நிதானமாக மீட்டர் மூடியைத் திறந்து, "நீங்களே வாசிங்கண்ணா" என்றான். வாசித்தேன். அவன் எழுதியது சரிதான்.

அன்று ராத்திரி எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு, டார்ச்சோடு மீட்டர் குழிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்தேன். மணி ரெண்டு இருக்கும். குழிக்குள் ஒரு தவளை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, லுங்கி முனையால் துடைத்தேன். உள்ளே நட்சத்திரம் மாதிரி ஒரு குட்டிச் சிவப்புச் சக்கரம் இருக்குமே, அது சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமே படாமல், கோயில் பிரகாரம் சுற்றுகிற ஆச்சி மாதிரி. ஊரே தூங்குகிறது, வீட்டில் ஒரு சொட்டு யாரும் தொடவில்லை, அது பாட்டுக்குச் சுற்றுகிறது. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: நிமிடத்துக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு 1,440 லிட்டர்! வாசலுக்கு வந்த மனைவி, "அந்தத் தவளைகிட்ட என்ன பேச்சு?" என்றாள்.

மறுநாள் பிளம்பர் தோண்டினார். படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிமென்ட் தரைக்குக் கீழே ஒரு எல்போவில் வெடிப்பு. தரையில் ஈரத்தின் சுவடுகூட இல்லை. யூனிட் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றரை மாதமாக ஓடியிருக்கிறது. பக்கத்தில் இருந்த வாழை அந்தச் சமயம் பார்த்துத்தான் தளதளவென்று வந்தது. மாமியார் அதைத் தன் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2023 பிப்ரவரியில் கேரளாவில் தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்களே, அப்போது "ஒரு பைசாதானே" என்று சொன்னவன் நான். ஆயிரம் லிட்டர் 4.41 ரூபாயாக இருந்தது 14.41 ஆனது அப்படித்தான்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

வேலந்தாவளம்_செல்வி

மணி அண்ணா, உங்கள் சக்கரமாவது தண்ணீருக்குச் சுற்றியது. எங்கள் வீட்டில் காற்றுக்குச் சுற்றுகிறது.

எங்கள் பக்கம் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். விடியக்காலை நாலு மணிக்கு லைனில் விடுவார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும், பாம்பு சீறுகிற மாதிரி. அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தால் நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். குடத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

சொன்னால் யாரும் நம்பவில்லை. பையனின் பிறந்தநாளுக்கு வாங்கிய பலூன் மிச்சம் இருந்தது. அவனே தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, குழாய் வாயில் பலூனை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டான். பலூன் உப்பி, உப்பி, பூசணிக்காய் அளவுக்கு வந்து டப்பென்று வெடித்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இன்னொன்று மாட்டினான், அதுவும் வெடித்தது. மூன்றாவதை நான் வீடியோ எடுத்தேன்.

அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் பார்த்துச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்புறம் "பில்லு அடச்சேக்கு சேச்சீ", பில்லைக் கட்டிவிடுங்கள் அக்கா, என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார்.

கட்டினேன். ஆனால் காற்றுக்கு எதற்குங்க காசு?

பைப்மாமா (மீனாட்சிபுரம்)

நான் முப்பது வருடம் பைப் வேலை பார்த்தவன். செல்விம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். பலூனில் பிடிப்பது அதிகம் போனால் மூன்று லிட்டர். அதற்கு பில்லில் நாலு பைசா ஆகும். நாலு பைசாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

என் அனுபவம் சின்னது. ஒரு வீட்டில் மீட்டர் நின்றுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காத குறைதான், அவ்வளவு சந்தோஷம். மீட்டர் ஓடவில்லை என்றால் சும்மா விடமாட்டார்கள், பழைய சராசரியைப் போட்டு பில் அனுப்புவார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. அந்தச் சராசரி, அவர் வீடு கட்டிக்கொண்டிருந்த மாதங்களின் சராசரி. செங்கல் நனைத்த தண்ணீருக்கு எட்டு மாதம் பணம் கட்டினார். பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், என்னமோ நான்தான் நிறுத்தி வைத்த மாதிரி.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். பில் அதற்குத்தான். சிவப்பு எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாதம் 5,000 லிட்டர் வரைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் 72.05, தொட்டாலும் தொடாவிட்டாலும் அது உண்டு. மாதம் 15,000 லிட்டரைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும் கூடின ரேட் விழும். பத்து வீட்டில் ஒன்பது பேருக்கு இது தெரியாது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க மணி தம்பி மாதிரி தவளையோடு உட்கார வேண்டியதில்லை. மேல்தொட்டிக்குப் போகிற வால்வை அடையுங்கள். அப்புறமும் சக்கரம் சுற்றினால், மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் பூமிக்குள் கசிவு. நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். வீட்டுக்குள் என்றால் முதல் திருடன் ஃப்ளஷ் டேங்க்தான். அதற்குள் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. அறுபது, எழுபது ரூபாய்ச் சாமான். அதை மாற்றாமல் நல்லியில் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே வாளி வைத்து, "நான் சிக்கனம்" என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது மீட்டர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள், டெஸ்ட் பண்ணிய பிறகுதான் மாட்ட வேண்டும். மீட்டர் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும்.

காற்றுப் பிரச்சினைக்கு: மீட்டர் பக்கத்து வால்வைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள். காற்றின் வேகம் அடங்கும். இருக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.

கமிட்டி_சரசு (எருத்தேம்பதி பக்கம்)

அம்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கேரள அரசின் வாட்டர் அதாரிட்டி லைன் இல்லை. போர் போட்டு, தொட்டி கட்டி, நாங்களே கமிட்டி வைத்து நடத்துகிற திட்டம். 62 வீடு. ஆரம்பத்தில் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய், எவ்வளவு பிடித்தாலும் அதேதான். கோடையில் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. மோட்டார் கரண்ட் பில் மட்டும் ஏறும். மீட்டர் வைக்கலாமா வேண்டாமா என்று மூன்று கூட்டம் போட்டோம். மூன்றும் சண்டை.

மூன்றாவது கூட்டத்தில், யாரும் கூப்பிடாமல் ஒரு பாட்டி எழுந்து வந்தார். தனியாக இருக்கிறவர். இரண்டு கையிலும் இரண்டு காலிக் குடம், பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. அங்கன்வாடி மேசை மேல், மினிட்ஸ் நோட்டுக்கு மேலேயே, டொக் டொக் என்று வைத்தார். "எனக்கு ஒரு நாளைக்கு இத்தனைதானுங்க. ஏழு மாடு வெச்சிருக்கறவரும் நூறு, நானும் நூறு. இது எந்த ஊரு கணக்குங்க சாமி?"

மாட்டுக்காரர் என் சொந்தச் சித்தப்பா. நான் செக்ரட்டரி. தலை நிமிரவே இல்லை நான்.

மீட்டர் வந்தது. பாட்டிக்கு இப்போது 40 ரூபாய். சித்தப்பா மாட்டுக்குத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்விட்டார், என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார். மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுகிறது.

அம்புக் கதை: ஒரு வீட்டில் ரீடிங் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. போய்ப் பார்த்தால் மீட்டரைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா வீடு இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஆனைமலை_ரோடு (பொள்ளாச்சி பக்கம்)

எங்கள் பேரூராட்சியில் மீட்டரும் கிடையாது, சக்கரமும் கிடையாது. ஒரே தொகை, கட்டினோமா, மறந்தோமா என்று இருக்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இவ்வளவு வில்லங்கம். அந்த பில்லுக்குப் பேரே வெள்ளக்கரம்! முதல் தடவை கேட்டபோது வெள்ளம் வந்ததற்கு வரி போடுகிறார்கள் என்றே நினைத்தேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீராம்.

கமிட்டி_சரசு

பொள்ளாச்சி அண்ணா, ஒரே தொகை கட்டிய கதையைத்தானே இவ்வளவு நேரம் எழுதினேன்? உங்கள் தெருக் கடைசி வீட்டில் போய்க் கேளுங்கள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறதென்று.

ஆனைமலை_ரோடு

கடைசி வீடு என் அக்கா வீடுதான். கேட்டேன். திட்டினாள்.

கிணத்துமேடு (முதலமடை)

எனக்கு வேறு மாதிரி. சொந்தக் கிணறு உண்டு, தாத்தா வெட்டியது. ஜல்ஜீவன் திட்டத்தில் வீட்டு வாசல்வரை குழாய் கொடுத்தார்கள், வாங்கி வைத்தோம். தொடவே இல்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு 144.10 வந்துகொண்டே இருந்தது. எதற்குத் தண்டம் என்று கனெக்‌ஷனை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கக் கடுதாசி எழுதி, சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

2024 ஏப்ரல். பாலக்காட்டு வெயிலை அந்த வருடம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலை, கயிறு விட்டேன். வழக்கமாகத் தண்ணீரில் "தொப்" என்று கேட்கும். அன்றைக்கு "டங்" என்றது. பாறையில் வாளி முட்டிய சத்தம். என் நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கிணற்றில் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அப்பா திண்ணையில் இருந்தார். அவருக்கும் கேட்டது. ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் குழாயைத் திறந்தோம். துரு கலந்து கொஞ்ச நேரம் வந்தது, அப்புறம் தெளிந்தது.

கடுதாசி சலவையில் போய்விட்டது. கனெக்‌ஷன் இருக்கிறது. மழைக்காலத்தில் 144.10 கட்டும்போது இப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ரோஸ்கார்டு_மருமகன்

யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பி.பி.எல்., அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை கட்டணம் கிடையாது. ஆனால் தானாக வராது, ரேஷன் கார்டைக் கொண்டுபோய் விண்ணப்பம் கொடுத்தால்தான். என் மாமியாருக்கு ரோஸ் கார்டு, அதாவது இந்தச் சலுகை உள்ள ரேஷன் கார்டு. தெரியாமல் இரண்டு வருடம் கட்டியிருக்கிறார். கட்டிய ரசீது எல்லாவற்றையும் அரிசி டப்பாவின் அடியில், எட்டாக மடித்து, ஒரு பழைய ஸ்ரீகிருஷ்ண ஜெயந்தி அழைப்பிதழுக்குள் வைத்திருந்தார். எடுத்துப் பிரித்தால் எல்லாவற்றிலும் அரிசிமாவு. கூலி வேலைக்குப் போய்க் கட்டிய காசு. இப்போது எழுதிக் கொடுத்தாயிற்று. கட்டியது கட்டியதுதான்.

வேலந்தாவளம்_செல்வி

பைப்மாமாவுக்கு: பலூனுக்கு மூன்று லிட்டர் என்றால் சரி. உஸ்ஸ் சத்தம் பத்து நிமிடம் வருகிறதே, அதற்கு எத்தனை பலூன் என்று கணக்குப் போட்டீர்களா? மாதத்தில் பதினைந்து நாள். இரண்டு மாதத்துக்கு முப்பது. நான் ரீடிங் எடுத்துவிட்டேன். நேற்று விடியக்காலை சத்தம் ஆரம்பித்தபோது ஒரு எண், முதல் சொட்டு விழுந்தபோது ஒரு எண். நடுவில் 110 லிட்டர். முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி வால்வைப் பாதி திறந்தும் பார்த்தேன். சக்கரம் அடங்கியது உண்மை. தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறாததும் உண்மை.

பைப்மாமா

3,300 லிட்டர். ஐம்பது ரூபாய்க்குப் பக்கம். சரிம்மா, நாலு பைசா என்றது தப்பு.

முக்கால் திறந்து பாருங்கள்.

புழைக்கரை_மணி

மாமா சொன்ன மஞ்சள் சோதனை செய்தேன். பூமிக்குள் கசிவை அடைத்த பிறகும் சக்கரம் எப்போதாவது அசைகிற மாதிரி ஒரு சந்தேகம். ஒரு ஸ்பூன் போதுமா என்று மூன்று ஸ்பூன் போட்டுவிட்டேன். ஃப்ளஷ் டேங்க்கிலும் கசிவு இருக்கிறது, கண்டுபிடித்தாயிற்று. வெள்ளைக் கோப்பையில் இப்போது மஞ்சள் கோடு கோடாக நிற்கிறது, தேய்த்தால் போகவில்லை. நாளைக்கு மச்சினன் குடும்பம் வருகிறது. மனைவி என்னோடு பேசவில்லை. மாமா, கறைக்கு என்ன வழி?

பைப்மாமா

மஞ்சள் கறைக்கு வெயில் பட்டால் போதும், தானாகப் போய்விடும்.

புழைக்கரை_மணி

கக்கூசுக்குள் வெயிலுக்கு எங்கே போவேன் மாமா?