39 வயதில் வெளிநாட்டில் உளவியல் முதுகலை: மெல்பர்னா, இங்கிலாந்தா, டெக்சாஸா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன், வயது 39. பி.காம். முடித்துத் தனியார் வங்கியில் பல வருடம் வேலை பார்த்தேன். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு இக்னோவில் எம்.ஏ. உளவியல் தபாலில் படித்தேன். (2025 ஜூலைப் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையில் நடத்த யுஜிசி தடை போட்டுவிட்டது. நான் அதற்கு முன்பே முடித்துவிட்டேன்.) இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் கவுன்சிலர்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரங்களில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை எழுந்து போனதும் கதவருகே நின்று, "டீச்சர், எனக்கும் கொஞ்சம் பேசணும்" என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், எனக்குத் தெரிந்தது போதாது என்று தோன்றுகிறது. தபாலில் தேர்வு எழுதினேனே தவிர, ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து, "இந்த இடத்தில் நீ அவசரப்பட்டாய்" என்று சொல்லித் திருத்திய பயிற்சி எனக்குக் கிடைக்கவே இல்லை. அதைத் தேடித்தான் விண்ணப்பித்தேன்.

மூன்று இடங்களில் சேர்க்கை வந்திருக்கிறது. மெல்பர்னில் இரண்டு வருட மாஸ்டர் ஆஃப் கவுன்சலிங். இங்கிலாந்தில் ஒரு வருட சைக்காலஜி கன்வர்ஷன் எம்.எஸ்சி. டெக்சாஸில் கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங் எம்.எஸ்.

கணவருக்கு 42 வயது, பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். மகள் எட்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரு பிளாட்டை விற்று, மீதிக்கு லோன் போட வேண்டும். ஏஜென்ட்டிடம் கேட்டால், "சைக்காலஜின்னா எந்த நாட்டிலும் ஆள் பற்றாக்குறை மேடம், படிச்சு முடிச்சா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) நிச்சயம்" என்கிறார். மூன்று நாட்டுக்கும் அதே பதிலைச் சொல்வதால்தான் இங்கே கேட்கிறேன். இந்த வயதில் எது சரி?

லீட்ஸ்வாசி:

கன்வர்ஷன் படிப்பை முடித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு உளவியலின் அடிப்படையைக் கொடுத்து, பிரிட்டிஷ் சைக்கலாஜிகல் சொசைட்டியின் அங்கீகாரத்துக்குத் தகுதியாக்கும் படிப்பு அது. மூளையியல், குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், ஆய்வு முறைகள், எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளில் புள்ளியியல், ஒரு ஆய்வுக் கட்டுரை. அவ்வளவுதான். படித்த காலம் முழுவதும் ஒரு கிளையன்ட்டின் எதிரில்கூட நான் உட்காரவில்லை. நீங்கள் தேடும் பயிற்சி அதில் இல்லை.

அந்த அங்கீகாரம் அடுத்த படிக்கான நுழைவுச் சீட்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் போன்ற 9 பெயர்களை எச்சிபிசி என்ற பதிவு அமைப்பு சட்டப்படி காக்கிறது. அந்தப் பதிவுக்கு வழக்கமான வழி டாக்டரேட்தான். கிளினிக்கல் டாக்டரேட் மூன்று வருடம், அரசு மருத்துவச் சேவையே சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கும். ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கட்டணத் தகுதி உள்ளவர்களுக்கே. கவுன்சலிங் சைக்காலஜி டாக்டரேட் என்றால் சொந்தக் காசு.

இன்னொன்று, 2024 ஜனவரியிலிருந்து பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவுக்கு வயது வரம்பு இல்லை என்பது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் அது இரண்டு வருடம், 2027 தொடக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அந்தக் காலமும் மகளைப் பிரிந்துதான் இருக்க வேண்டும்.

டாண்டினாங்_அக்கா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். 38 வயதில் மெல்பர்னுக்குப் படிக்க வந்தவள். இப்போது அகதிக் குடும்பங்களோடு மனநல வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வயது. நான் வந்த காலத்தில் படிப்பு முடிந்த பின் கிடைக்கும் 485 விசாவுக்கு 50 வயது வரை இடம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதை 35 ஆக்கிவிட்டார்கள். ஆய்வு முதுகலை, பிஎச்டி முடித்தவர்களுக்கு மட்டும் பழைய 50 இருக்கிறது. உங்கள் கவுன்சலிங் மாஸ்டர்ஸ் பாடவழிப் படிப்பு. ஆகவே 41 வயதில் பட்டம் வாங்கிய கையோடு, வேலை தேடிக்கொண்டு இங்கே நிற்க உங்களுக்கு அந்த விசா இல்லை. இதை ஏஜென்ட் சொல்லாமல் விட்டது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. பிளாட்டை விற்கப் போகிறவருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

திறன் அடிப்படையிலான நிரந்தர விசாவுக்குப் புள்ளிக் கணக்கில்தான் ஆள் எடுப்பார்கள். விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வரும் நாளில் 45 வயது ஆகியிருக்கக் கூடாது. வயதுக்கு மட்டும் 33 முதல் 39 வரை 25 புள்ளி, 40 முதல் 44 வரை 15 புள்ளி. 45 ஆகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

இதை வைத்துக்கொண்டு படிப்புகளைப் பாருங்கள். இங்கே 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள சைக்காலஜி போர்டில் பதிவு வேண்டும். அதற்கு ஆறு வருடத் தொடர் படிப்பும் பயிற்சியும். உங்கள் எம்.ஏ.யை அவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்பது தனிக்கதை. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால், கிராஜுவேட் டிப்ளமாவில் தொடங்கி, நான்காம் வருடம், பிறகு இரண்டு வருட மாஸ்டர்ஸ் என்று நாலரை, ஐந்து வருடம் போய்விடும். ஒவ்வொரு படியிலும் இடத்துக்குப் போட்டி. '5+1' என்று ஒரு வழி உண்டு, ஒரு வருட மாஸ்டர்ஸ் முடித்து ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை. அந்த வேலை வருடத்துக்கு எந்த விசாவில் நிற்பீர்கள்? கனபேர் இதை யோசிப்பதில்லை.

கவுன்சலிங் படிப்பை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். பாக்ஃபாவோ ஏசிஏவோ (இரண்டும் இங்கத்தைய கவுன்சிலர் சங்கங்கள்) அங்கீகரித்த படிப்பாக இருந்தால், நீங்கள் கேட்கும் மேற்பார்வைப் பயிற்சி அதில் உண்மையாகவே கிடைக்கும். உங்கள் அமர்வைக் கேட்டுவிட்டு வரிக்கு வரி கதைப்பார்கள். ஆனால் கவுன்சிலர் என்ற பெயருக்கு இங்கே சட்டப் பதிவு இல்லை. கவுன்சிலரிடம் போனால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு காசு திரும்பத் தராது. அதனால் தனியாக நடத்துவது கஷ்டம். பெரும்பாலும் தொண்டு நிறுவன வேலைதான்.

நான் படித்தது மாஸ்டர் ஆஃப் சோஷல் வேர்க். என் படிப்பையே தூக்கிப்பிடிக்கிறேன் என்று நினைக்காமல் காரணத்தைப் பாருங்கள். இரண்டு வருடம். அதற்குள் 1,000 மணி நேரம் களப்பயிற்சி கட்டாயம். சமூக அறிவியல் படித்தவர்களை எடுப்பார்கள், உங்கள் எம்.ஏ. அங்கே உதவும். சோஷல் வேர்க்கர் திறன் விசாப் பட்டியலில் உள்ள தொழில். விசாவுக்கான தகுதி மதிப்பீட்டை ஏஏஎஸ்டபிள்யூ என்ற சமூகப் பணியாளர் சங்கம் செய்யும். மனநலத் துறையில் இரண்டு வருட அனுபவம் சேர்ந்த பின் தனி அங்கீகாரம் எடுத்தால், உங்களிடம் வருபவர்களுக்கு மெடிகேர் கிடைக்கும். அதே அறையில், அதே அம்மாக்களோடுதான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உளவியல் என்ற பெயர் என் பட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வரும் எங்கள் பெண்கள் எடுத்த எடுப்பில் கவலை என்று சொல்ல மாட்டார்கள். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை என்றுதான் தொடங்குவார்கள். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பார்கள், கோயிலில் பார்க்கும் ஆளாக இருந்துவிடுமோ என்ற பயம். தமிழ் தெரிந்த, நாற்பது தாண்டிய, பிள்ளை வளர்த்த ஒரு பெண் எதிரில் இருந்தால் இரண்டாம் முறையும் வருவார்கள். விசாப் படிவத்தில் உங்கள் வயது பாரம்தான். அறைக்குள் அதுதான் பெரிய தகுதி, இருபத்தைந்து வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு படிப்பு இருந்தாலும் அது வராது.

குடும்பம்: மாஸ்டர்ஸ் மாணவரின் கணவருக்கு இங்கே வேலை நேரக் கட்டுப்பாடு இல்லை. மகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் கேட்கலாம், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலக் கல்வித் துறையில் இப்போதே விசாரியுங்கள். மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆனது, விசாவை மறுத்தாலும் அது திரும்பாது.

ஹூஸ்டன்காரன்:

டெக்சாஸ் கணக்கு மட்டும். 60 கிரெடிட் எம்.எஸ்., அதில் 100 மணி நேரம் பிராக்டிகம், 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப். பயிற்சி தரமானது, சந்தேகமே வேண்டாம். முடித்ததும் எல்பிசி (உரிமம் பெற்ற கவுன்சிலர்) அசோசியேட் என்ற தொடக்க உரிமம். முழு உரிமத்துக்கு மேற்பார்வையில் 3,000 மணி நேரம், அதில் 1,500 நேரடியாக கிளையன்ட்டோடு. எவ்வளவு ஓடினாலும் 18 மாதத்துக்கு முன் முடிக்க விதி இடம் தராது. படிப்பு முடிந்து வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதியோ உங்களுக்கு 12 மாதம். இந்தப் பிரிவு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இல்லாததால் நீட்டிப்பும் கிடையாது. பாதியில் எச்1பி வேலை விசாக் குலுக்கலை நம்பி நிற்க வேண்டும். பல்கலைக்கழகம் சார்ந்த லாபநோக்கற்ற இடம் கிடைத்தால் குலுக்கல் தேவையில்லை, ஆனால் அதை எண்ணி லோன் போடாதீர்கள். மாணவரின் குடும்பத்துக்கான எஃப்2 விசாவில் வரும் கணவர் வேலை பார்க்கவும் முடியாது.

அமெரிக்காதான் என்றால் பிஎச்டி பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு, வயது தடையில்லை. ஐந்தாறு வருடம், ஆராய்ச்சியில் உண்மையான ஆசை வேண்டும்.

அடையாறு:

யாரும் கேட்காத ஒன்று. திரும்பி மதுரைக்கு வரும் எண்ணம் இருக்கிறதா? இங்கே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், 1992 சட்டம். இந்த மூன்று பட்டங்களில் எதுவும் நேரடியாக அதைத் தராது. கவுன்சிலராக வேலை பார்க்கலாம். 2021இல் வந்த துணைமருத்துவத் தொழில் சட்டத்தின் பட்டியலில் உளவியலர், கவுன்சிலர், சமூகப் பணியாளர் எல்லாரும் இருக்கிறார்கள். எங்கே படித்தாலும் பாடத்திட்டம், களப்பயிற்சி மணிநேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரவு கணவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். டெக்சாஸும் கன்வர்ஷனும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அடையாறு கேட்டதற்குப் பதில்: மாமியாருக்காக ஒருநாள் திரும்புவோம், ஆனால் சில வருடமாவது வெளியே வேலை பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை. அக்கா, மெல்பர்ன் கவுன்சலிங் இடத்தை விட்டுவிட்டு சோஷல் வேர்க்குக்குப் புதிதாக விண்ணப்பித்தால் ஒரு பருவம் தள்ளிப்போகும். 40 ஆகிவிடும். அது பரவாயில்லையா? களப்பயிற்சியைத் தமிழ்க் குடும்பங்களோடு கேட்டு வாங்க முடியுமா?

டாண்டினாங்_அக்கா:

ஒரு பருவம் தள்ளினாலும் 42 வயதில் முடித்துவிடுவீர்கள். 45க்குள் மதிப்பீடும் விண்ணப்பமும் செய்ய நேரம் இருக்கிறது. அழைப்பு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, அதையும் சேர்த்தே லோனைக் கணக்குப் பண்ணுங்கள். புள்ளிகளை ஒரு பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டிடம் காசு கொடுத்துப் பாருங்கள். கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குபவரிடம் வேண்டாம்.

களப்பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம்தான் ஒதுக்கும், ஆனால் விருப்பம் எழுதலாம். சேருமுன்பே களப்பயிற்சி அலுவலகத்துக்கு மெயில் போட்டு, தமிழ் பேசுவேன், அகதிக் குடும்பங்களோடு வேலை செய்ய விருப்பம் என்று சொல்லுங்கள். இப்போதைய பள்ளி வேலைக்கு அனுபவக் கடிதம் வாங்கி வையுங்கள், என்ன செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று விவரமாக இருக்கட்டும். இந்தியப் போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் புறப்படுமுன் எடுங்கள். இங்கே வந்ததும் பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கான பின்னணிச் சோதனை, வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக், எடுக்க வேண்டும், அது இல்லாமல் பிள்ளைகள் உள்ள இடத்தில் பயிற்சிக்கு விட மாட்டார்கள்.