கதைவழிச் சந்தைப்படுத்தலும் காரணக்கதையும்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்கள் தம் பொருளையும் பெயரையும் ஒரு கதையோடு சேர்த்து மக்களிடம் கொண்டுசெல்லும் முறைக்கு இக்குழுவின் இந்த உரையாடல் இழையில் இதுவரை கதையாடல், கதைப்பு, புனைவுரை, கதைசொல்லல் ஆகியவை முன்மொழியப்பட்டுள்ளன. கதையாடல் என்பது இலக்கியத் திறனாய்வில் வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது. கதைப்பு என்றால் ஈழத்தமிழர் பேச்சு, உரையாடல் என்றே கொள்வர். நான் உறுதியாக மறுப்பது புனைவுரையை. நிறுவனம் சொல்வது பொய் என்ற தீர்ப்பை அச்சொல் முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. ஆனால் இத்துறையில் மெய்க்கதைகளும் உண்டு, பொய்க்கதைகளும் உண்டு, இரண்டும் கலந்தவையும் உண்டு.

இணையவழி விற்பனைத் தளமான ஈபே நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நிறுவனர் பியர் ஒமிடியார், தாம் மணக்கவிருந்த பெண், 'பெஸ்' என்ற மிட்டாயின் குப்பிகளைப் பிறரோடு மாற்றிக்கொள்வதற்காகவே அத்தளத்தைத் தொடங்கினார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. செய்தியாளர்களை ஈர்ப்பதற்காக 1997-இல் அந்நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பணியில் இருந்தவர் உருவாக்கிய கதை அது என்பது பின்னர் வெளியாயிற்று. பெயருக்கான உண்மைக் காரணம் மிக எளியது: ஒமிடியாரின் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் எக்கோ பே, அப்பெயரிலான இணைய முகவரி ஏற்கெனவே ஒரு சுரங்க நிறுவனத்திடம் இருந்ததால், அதைச் சுருக்கி ஈபே என்று வைத்துக்கொண்டார். மாறாக, டென்மார்க்கில் மரப்பொம்மைகள் செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் தொடக்க எழுத்துகளை இணைத்து 1934-இல் லெகோ என்று பெயர் வைத்தது மெய்யான நிகழ்வு. அதே சொல்லுக்கு லத்தீனில் 'சேர்க்கிறேன்' என்ற பொருளும் உண்டு என்பது பின்னரே கவனத்துக்கு வந்தது. ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் இன்றைய லெகோ விளையாட்டுக் கட்டைக்குக் காப்புரிமை கோரப்பட்டதே 1958-இல்தான் என்பதால், பெயருக்குள் கட்டைகளைக் காண்பது நாம் பின்னாளில் ஏற்றிய பொருள்.

இவ்விடத்தில் நம் இலக்கணம் பெயர்களைக் காரணமின்றி இட்டு வழங்கும் இடுகுறிப்பெயர் என்றும் காரணம் பற்றி வரும் காரணப்பெயர் என்றும் பிரித்திருப்பது நமக்கு மிகப்பெரிய துணையாகிறது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் ஒளிப்படக் கருவிக்காக 1888-இல் பதிவுசெய்த கோடாக் முழுமையான இடுகுறிப்பெயர்: குறுகியதாக, தவறாக உச்சரிக்க இடம் தராததாக, வேறெந்தச் சொல்லையும் நினைவூட்டாததாக இருக்கவேண்டும் என்று கருதி, தமக்குப் பிடித்த எழுத்தையே முதலிலும் முடிவிலும் வைத்து அவர் அதை உருவாக்கினார். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் டோக்கியோ நிறுவனம் என்று தன் தொழிலையே பெயராகக் கொண்டிருந்த ஒரு நிறுவனம், அந்தக் காரணப்பெயரை 1958-இல் கைவிட்டுச் சோனி ஆனது. பொதுவாக இத்தகைய நகர்வுகளுக்குச் சட்டமும் ஒரு காரணம். பொருளின் தன்மையை அப்படியே சொல்லும் பெயர்களுக்கு வணிகக்குறிச் சட்டம் தரும் காப்பு குறைவு; புதிதாக ஆக்கப்பட்ட பெயர்களுக்கு அக்காப்பு மிகுதி. ஆகவே நிறுவனங்கள் இடுகுறியை நாடுகின்றன. கேட்பவர்களோ 'ஏன் இந்தப் பெயர்?' என்று காரணத்தைத் தேடுகின்றனர். அந்த இடைவெளியை நிரப்பவே கதை வருகிறது. நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஹேகன்-டாஸ் பனிக்கூழின் பெயருக்கு எம்மொழியிலும் பொருள் கிடையாது. ஆயினும் டேனிஷ் போல ஒலிக்கும் அப்பெயரோடு டென்மார்க்கின் வரைபடமும் தொடக்கக் காலப் பெட்டிகளில் அச்சிடப்பட்டதால், யாரும் வாய்திறந்து சொல்லாமலே ஒரு கதை உருவாகிவிட்டது.

எனவே நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும் என்று கருதுகிறேன். முறைமை முழுவதையும் 'கதைவழிச் சந்தைப்படுத்தல்' எனலாம். கதைசொல்லல் தவறான சொல்லன்று. ஆனால் அது தனித்து நிற்கும்போது எந்தத் துறையைக் குறிக்கிறது என்பது விளங்காது. ஒரு பெயரோ நிறுவனமோ எப்படித் தோன்றியது என்று அந்நிறுவனமே எடுத்துச்சொல்லும் கதையைக் 'காரணக்கதை' எனலாம். பெயர்க்காரணம் என்பது உண்மையில் நிகழ்ந்தது. காரணக்கதை என்பது சொல்லப்படுவது. ஈபேயில் இரண்டும் வேறுவேறு, லெகோவில் பெரும்பாலும் ஒன்று. இந்த வேறுபாட்டை ஒரே மூச்சில் சொல்ல இடம்தருவதால்தான் காரணக்கதை எனக்கு மிகவும் உவப்பாக இருக்கிறது.

'கதைவிடுதல்' என்ற வழக்கு இருப்பதால் கதை என்ற சொல்லே ஐயத்தை எழுப்பும் என்று ஒரு மறுப்பு வரக்கூடும். 'நடந்த கதையைச் சொல்' என்றும் நாம்தான் சொல்கிறோம். மெய்க்கும் பொய்க்கும் இடமளிக்கும் இந்த நடுநிலையே இங்குத் தேவை.

பெயர் வைக்கும் செயலைப் பொறுத்தவரை, கோடாக் போலப் புதுச்சொல் படைப்பதைப் பெயராக்கம் என்றும், ஆப்பிள் போல இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்வதைப் பெயர்த்தேர்வு என்றும் பிரித்துவைத்தால் போதும். பெயர்சூட்டல் என்பதில் விழாவின் சாயல் மிகுதியாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். காரணக்கதை என்ற சொல் பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டை யாரேனும் முன்வைத்தால், அதைக் கொண்டே இச்சொல்லைத் திருத்திக்கொள்ளலாம்.