வீட்டுப் பராமரிப்பு: முடிவு யார் கையில்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மூத்தமகள்:
நேத்து நடந்தது மனசை விட்டுப் போகல. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 2 வருஷம். பேச்சு வராது, ஆனா எல்லாம் புரியும். ஏஜென்சி மேற்பார்வையாளர் அம்மா பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு என்னைக் கேட்கிறார், "எத்தனை மணிக்குப் படுக்க வைக்கணும்?" நானும் யோசிக்காம "எப்பவும் போல 7 மணின்னு போட்டுக்குங்க"ன்னுட்டேன். அவர் எழுதக் குனிஞ்சப்ப அம்மா நல்லா இருக்கிற இடது கையைத் தூக்கி அந்தப் படிவத்து மேல வச்சு அழுத்திட்டாங்க. எடுக்கவே இல்ல. பேனா அப்படியே நின்னுடுச்சு. நடமாடின காலத்துல 11 மணிக்கு முன்னாடி படுக்காத மனுஷி அவங்க. தெரிஞ்சும் 2 வருஷமா ஒரு வார்த்தை கேட்கல நான். உங்க வீட்டுல இப்படி நடந்திருக்கா?

சக்கரநாற்காலி:
எனக்கு முதுகுத்தண்டுல அடி. முன்னாடி வாரம் ஒரு புது ஆள் வருவாங்க. சிறுநீர்ப் பையை எப்படி மாட்டணும், தூக்கும்போது எங்க பிடிக்கணும்னு ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லணும். முன்பின் தெரியாத ஆள் முன்னாடி உடம்பைக் காட்டிக்கிட்டு நிக்கிற கூச்சம் பழகவே பழகாது. அப்புறம் ஆளை நானே தேர்ந்தெடுக்கிற முறைக்கு மாறினேன். பார்க்க வந்தவங்கள்ல ஒருத்தர் என் தோளைத் தொடறதுக்கு முன்னாடி கையை அந்தரத்துல நிறுத்தி, "எங்க பிடிக்கட்டும்?"னு கேட்டார். 3 வருஷமா அவர்தான்.

பராமரிப்புப் பணியாளர்:
அந்த 'வாரம் ஒரு புது ஆள்'ல நானும் ஒருத்தி. படிக்கவே கஷ்டமா இருக்கு. ஒரு வீட்டுக்கு 30 நிமிஷம், அடுத்த வீட்டுக்கு ஓடுற நேரமும் அதுக்குள்ளயேதான். ஒரு பெரியவர் "சட்டையை நான் போட்டுக்கறேன், பட்டனை மட்டும் போட்டு விடும்மா"ன்னார். ஒரு கை உள்ள போறதுக்கே 10 நிமிஷம். காத்திருந்தேன். அடுத்த வீட்டுல தாமதம், அலுவலகத்துல திட்டு. ராத்திரி 11 மணிக்கு ஆள் வேணும்னா, அந்த ஆள் எப்படி வீடு திரும்புவா, என்ன சம்பளம்னும் சேர்த்துப் பேசுங்க.

தம்பியின் அக்கா:
பணியாளர் சொல்றது நியாயம். ஆனா ரோஸ்டரை, அதாவது யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்ங்கற பட்டியலை, காரணமாச் சொல்லிட்டு விட்டுட முடியாது, அதை மாத்தச் சொல்லிக் கேட்டவங்க இருக்காங்க. பிரிட்டன்ல மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா போராடித்தான், பராமரிப்புக்கு அரசு செலவழிக்கிற பணத்தை அவங்க கையிலயே கொடுக்க 1996ல சட்டம் வந்துச்சு. அப்பவும் 65 வயசுக்கு மேல இருந்தவங்களைச் சேர்க்கல, 2000லதான் சேர்த்தாங்க. வயசானவங்களுக்கு எதுக்கு விருப்பம்ங்கற நினைப்பு எல்லா இடத்துலயும் இருக்கு. எங்கே, யாரோட வாழணும்னு தேர்ந்தெடுக்கிற உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கையோட 19வது பிரிவு சொல்லுது.

மூத்தமகள், நீங்க கேட்கல, இருந்தாலும் சொல்றேன். அம்மாகிட்ட ஒரு நேரத்துல ஒரு கேள்விதான் கேளுங்க. பதிலை ரெண்டு மூணு அட்டையில பெருசா எழுதி முன்னாடி வைங்க. வச்சுட்டுப் பேசாம இருங்க, அதுதான் கஷ்டம். சாயந்தரம் களைச்சுப் போயிருந்தா காலையில இன்னொரு தரம் கேளுங்க. ஆளை நீங்களே வைக்கிறதா இருந்தா சம்பளம், லீவு, அவங்களுக்கு உடம்பு முடியாதப்ப மாற்று ஆள், எல்லாம் உங்க தலையில விழும். முழுசா மாறணும்னு இல்ல. குளியலுக்கு ஏஜென்சி, சாயந்தரத்துக்குச் சொந்த ஆள்னு பிரிச்சுக்கலாம், உங்க ஊர் விதி அனுமதிச்சா.

இன்னொண்ணு. பணம் குடும்பத்து கைக்கு வந்தா முடிவும் குடும்பத்து கைக்கே போயிடும். அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பிக்கு நான் பார்த்துப் பார்த்து பயிற்சி வகுப்பா சேர்த்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது, ஜன்னலோர சீட்டுல பஸ் கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட வர ஒரு ஆள்.

மூத்தமகள்:
அக்கா, இன்னிக்குக் காலையில 9, 10, 11னு எழுதி வச்சேன். 11ஐத்தான் காட்டுவாங்கன்னு இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு 10 மேல கையை வச்சாங்க.