600 டன் கிராலர் கிரேன் 180 டன் வெசலைத் தூக்காது என்கிறார்கள், ஏன்?

கேட்பவர்: புதிய தள அலுவலர்

வணக்கம். நான் சிவில் பணியிலிருந்து கனரகத் தூக்குப் பணிக்கு அண்மையில்தான் மாற்றப்பட்டேன். எங்கள் தளத்தில் 180 டன் எடையுள்ள உயரமான வெசல் (ஆலையில் பயன்படும் பெரிய கலம்) ஒன்றை நிறுத்த வேண்டும். 600 டன் வகுப்புக் கிராலர் கிரேன், அதாவது சங்கிலிப் பட்டைகளில் நகரும் கிரேன், வருகிறது. மூன்று மடங்குக்கு மேல் திறன் இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் எந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டைப் பிரித்துப் பார்த்தால், எங்களுக்குத் தேவையான பூம் (கிரேனின் நீண்ட கை) நீளத்தில் 22 மீட்டர் ரேடியஸுக்கு (சுழல் மையத்திலிருந்து சுமை வரையுள்ள கிடைத் தூரம்) ஏறத்தாழ 150 டன் மட்டுமே காட்டுகிறது. கூடுதலாக டெரிக் மாஸ்ட்டும் (பின்புறம் சாய்ந்து நிற்கும் துணைக் கம்பம்) அதில் தொங்கு பளுவும் வேண்டும் என்கிறார் தூக்குத் திட்டம் வகுப்பவர். அப்படியானால் 600 டன் என்பதற்கு என்னதான் பொருள்?

மறுமொழி: லோட் சார்ட் பித்தன்

600 டன் என்பது மிகக் குட்டையான பூமை வைத்து, சுமையைக் கிரேனின் உடலை ஒட்டியே பிடிக்கும்போது கிடைக்கும் எண். அந்த நிலையில் யாரும் வேலை செய்வதில்லை, ஏனெனில் அங்கே வெசலை வைக்க இடமே இருக்காது. கிரேனை அளக்க வேண்டியது டன்னால் அல்ல, டன் மீட்டரால். சுமையைச் சுழல் மையத்திலிருந்து சுமை வரையுள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் கிரேனைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன். சில தயாரிப்பாளர்கள் இதை உணர்ந்து பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்: சீனாவின் எக்ஸ்ஜிசி 88000 என்ற கிராலர் கிரேனில் அந்த எண் 88,000 டன் மீட்டரையே குறிக்கிறது.

உங்கள் கணக்கில் இன்னொரு இடறலும் இருக்கிறது. நீங்கள் தூக்கப்போவது 180 டன் அல்ல. கொக்கியும் கப்பிகளும் சேர்ந்த ஹூக் பிளாக் 11 டன், சுமையைக் கொக்கியோடு இணைக்கும் ஸ்பிரெடர் பீம், ஸ்லிங், ஷாக்கிள் எல்லாம் சேர்த்து 9 டன் என்று வைத்துக்கொண்டால் சார்ட்டில் ஒப்பிட வேண்டிய எண் 200. வெசலின் எடையை வரைபடத்திலிருந்து எடுத்தீர்களா, உள்தட்டுகளும் ஏணிகளும் காப்புப் பூச்சும் ஏற்றிய பிறகு எடை போட்டுப் பார்த்தீர்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்; வரைபட எடைக்கும் மெய்யான எடைக்கும் இடைவெளி இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும், சுமை ஏறியதும் பூமும் வயர்ரோப்புகளும் இழுபட்டு ரேடியஸ் தானாகவே சற்றுக் கூடும். 22 மீட்டர் என்று வரைபடத்தில் போட்டால் அது 22இலேயே நிற்காது.

டெரிக் கேட்பது இதனால்தான். பின்புறம் சாய்ந்து நிற்கும் மாஸ்ட்டின் நுனியில் தட்டு நிறையப் பளுவைத் தொங்கவிட்டால், அது உடலில் அடுக்கும் கவுண்ட்டர்வெயிட்டைவிட (எதிர்ப்பளு) மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. ஆகவே அதே எடைக்குப் பன்மடங்கு எதிர்த் திருப்புத்திறன் கிடைக்கிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு: சுமை போதாதபோது அந்தத் தட்டு தரையில் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்திருக்கும் வரை கிரேனைத் திருப்ப முடியாது. எனவே எந்தக் கட்டத்தில் தட்டு தரையை விட்டு எழும், எந்த ரேடியஸில் மீண்டும் அமரும் என்பதைத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மறுமொழி: பழைய ரிக்கர்

மேலே நண்பர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் சார்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் கிரேன் கெட்டியான, மட்டமான தரையில் நிற்கிறது என்று நம்பிக்கொண்டுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. தம்பி, நீங்கள் சிவில்காரர் என்பதால் இதை நீங்களே கணக்கிடலாம். கிரேன் 500 டன், சுமை 200 டன் என்றால் மொத்தம் 700. கிரேன் நகரும் சங்கிலிப் பட்டைகளான இரண்டு செயின்களும் தரையைத் தொடும் பரப்பு 27 சதுர மீட்டர் என்று கொண்டால், சதுர மீட்டருக்குச் சராசரி 26 டன். ஆனால் சராசரியில் கிரேன் நிற்பதில்லை. பூம் முன்னால் நீளும்போது செயின்களின் முன்முனை அமுங்கிப் பின்முனை இலேசாகும். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு செயினே பெரும்பகுதியைச் சுமக்கும். முனையில் அழுத்தம் சராசரியைப் போல இரண்டு மடங்கை எளிதாகத் தாண்டும். சுமையே இல்லாமல் சும்மா நிற்கும்போது பின்புறக் கவுண்ட்டர்வெயிட்டால் பின்முனைதான் அமுங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு முறை நாங்கள் செயின்களுக்கடியில் பளுவைத் தரையில் பரப்பும் மேட் (விரிப்புப் பலகை) எல்லாம் விரித்து, சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்திவைத்தோம். சில நிமிடங்களில் வலது செயினுக்கடியில் ஒரு மேட்டின் விளிம்பு இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. சுமையை இறக்கி மண்ணைத் தோண்டிப் பார்த்தால், எப்போதோ குழாய் பதித்துவிட்டு, நன்றாக இறுக்காமல் மூடிய பள்ளம். மேலே ஜல்லி பரப்பியிருந்ததால் பார்வைக்குத் தளம் கல்போல இருந்தது. ஆப்பரேட்டரின் கேபினில் இருக்கும் பளு காட்டி அப்போதும் பச்சையில்தான் இருந்தது. அதற்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வெசலை நிமிர்த்தும்போது வாலைப் பிடிக்கும் இரண்டாவது கிரேனுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழப் பாதி எடை அதன்மீது இருக்கும். தலை எழ எழ அது சுமையோடு முன்னால் நடந்துவர வேண்டும். அப்படிச் சுமையோடு நடப்பதற்கென்றேதான் அந்த இடத்தில் கிராலரைப் போடுகிறோம். அதன் வயர்ரோப் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒரு சிக்னல்மேன் வேறெதையும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மறுமொழி: லோட் சார்ட் பித்தன்

காற்றை விட்டுவிட்டோம். பின்னல் சட்டமாக அமைந்த லாட்டிஸ் பூம் மேலிருந்து கீழாக வரும் பளுவுக்கு வலிமையானது, பக்கவாட்டுத் தள்ளலுக்கு அப்படியன்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். சார்ட்டில் குறித்த காற்று வரம்பு ஓரளவு பரப்புள்ள சுமைக்குத்தான். காற்றாலை இறக்கையைப் போல எடை குறைந்து பரப்பு மிகுந்த சுமைக்கு வரம்பைக் குறைத்தாக வேண்டும். 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கியில் விளையாட்டரங்கின் கூரைப் பகுதியைத் தூக்கிய ராட்சதக் கிராலர் கிரேன் காற்றில் சரிந்து மூன்று பேர் இறந்தனர். கூரைப் பகுதியின் மீது படும் காற்று விசை அங்கே முறையாகக் கணக்கிடப்படவில்லை. வேலை செய்யாத கிரேனும் விதிவிலக்கல்ல: 2015 செப்டம்பரில் மெக்காவில் பூமை உயர்த்தியபடியே விட்டிருந்த கிராலர் கிரேன் புயற்காற்றில் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே இரவில் பூமை எங்கே, எத்திசையில் இறக்கி வைப்பது என்பதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

கேட்டவர்: புதிய தள அலுவலர்

இருவருக்கும் நன்றி. பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். பெரிய கிரேன் நிற்கவிருக்கும் இடத்தின் தெற்குப் பக்க ஓரத்தில் மழைநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. மேட் வரவழைப்பதற்கு முன் அங்கே இரண்டு சோதனைக் குழிகள் தோண்டச் சொல்லியிருக்கிறேன். கிரேனை 4 மீட்டர் வடக்கே நகர்த்தினால் குழாய் தப்பும், ஆனால் ரேடியஸ் 24 ஆகிறது. அந்த ரேடியஸுக்கு டெரிக் தட்டில் எவ்வளவு பளு என்று திட்டம் வகுப்பவரிடம் மறுபடியும் கேட்டிருக்கிறேன்.

மறுமொழி: பழைய ரிக்கர்

தட்டு பின்னால் சுற்றிவரும் வட்டத்தையும் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வடக்கே நகர்த்தினால் அந்த வட்டத்துக்குள் குழாய்களைத் தாங்கும் பைப் ராக்கின் தூண் வந்து நிற்கக்கூடும்.