மண்டபத்து வீட்டுக்கு ரோத்கோ அச்சுப்படம்: வாங்கலாமா, வேண்டாமா?

மண்டபத்துக்காரி:
புது வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. கூடத்தில் கிழக்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருக்கிறது. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் ஓவியம் ஒன்றை அச்சிட்டு, சட்டமும் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். இரண்டடி அகலம், மூன்றடி உயரம். மேலே ஆரஞ்சு, கீழே அடர்சிவப்பு, நடுவில் கரைந்து நிற்கும் ஒரு விளிம்பு. பார்த்த நாளிலிருந்து வேறு எந்தப் படமும் மனதில் ஒட்டவில்லை. வண்ணத்தாளுக்கா இவ்வளவு காசு என்று அண்ணன் கோபிக்கிறார். வாங்கலாமா? எங்கள் மண்டபம் ஊரின் கடற்காற்றுக்குத் தாங்குமா?

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), இராமநாதபுரம்:
வாங்காதீர்கள் அம்மா. ரோத்கோ 1950களில் வரைந்தவற்றில் பல, ஆளைவிட உயரமானவை. மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். அடியில் உள்ள நிறம் மேல்நிறத்தின் வழியாகக் கசிந்து தெரியும். நெருங்கி நின்று அந்த நிறத்துக்குள் போக வேண்டும் என்று விரும்பியவர் அவர். அதை மூன்றடியாகச் சுருக்கி, மைப்புள்ளிகளாகத் தாளில் இறக்கினால் எஞ்சுவது நிறத்தின் பெயர் மட்டும்தான்.

எங்கள் ஊர் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துப் போவேன். அங்குள்ள சுவரோவியங்களைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்த பையன்கூட, உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து வாயடைத்து நிற்பான். சுவரும் விதானமும் சூழ்ந்துகொள்வதைப் புத்தகம் எப்படித் தரும்?

அதே பணத்துக்குக் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் சிறிய அசல் ஓவியம் வாங்குங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, அங்கிருந்தவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். வாங்க ஆள் இருந்தால்தான் வரைகிறவன் வாழ்வான்.

மண்டபத்துக்காரி:
ஐயா, அசலைப் பார்க்க நான் எந்த நாட்டுக்குப் போவது? எங்கள் பூசை அறையில் இருக்கும் முருகன் படம் சிவகாசியில் அச்சானது. பாட்டி அதன் முன்னால் நின்று அழுதிருக்கிறார். அது அசலா நகலா என்று அவர் கேட்கவில்லை.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), இராமநாதபுரம்:
நல்ல கேள்வி. ஆனால் கோவில்பட்டி கொண்டைய ராஜு போன்றவர்கள் காலண்டருக்கென்றே வரைந்தார்கள். வீடுவீடாகப் போய்ச் சேரும் அந்தத் தாள்தான் அவர்கள் மனதில் இருந்த முடிந்த பொருள். ரோத்கோ அப்படி வரையவில்லை.

கீழக்கரை சட்டக்காரர்:
இருபத்திரண்டு வருடமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறேன். ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்கும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். மனித உருவப் படம் மாட்ட மாட்டார்கள் என்பதால் குர்ஆன் வசனம் எழுதிய சட்டம், கஅபா படம் இவற்றோடு நின்றுவிடும். இப்போது சதுரமும் கோடும் நிறமும் மட்டுமான படங்களைக் கொண்டுவந்து சட்டம் கேட்கிறார்கள். உருவம் இல்லாத படம் எங்கள் வீடுகளுக்குப் பொருந்துகிறது. அதைத் தாழ்வாகப் பேச என்னால் முடியாது.

தங்கைக்கு என் கவலை வேறு. போன மாதம் ஒரு படம் பழுதுக்கு வந்தது. பிரித்தேன். தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரியவே இல்லை. பின்பலகை ஈரம் குடித்து அப்பம்போல் உப்பியிருந்தது. ஆணி துருப்பிடித்துக் கைபட்டதும் உதிர்ந்தது. சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நல்ல செக்கச் சிவப்பு. வெளியே இருந்த பகுதி முழுவதும் வெளிறிய செங்கல் நிறம். மாட்டியவருக்கு அது வெளுத்ததே தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

கிழக்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினால் காலை வெயில் நேரே விழும். வேறு சுவர் பாருங்கள். சாய மையா, நிறமி மையா என்று கேளுங்கள். நிறமி மைதான் நீண்ட நாள் நிற்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையால் இடைவெளி கட்டாயம் வேண்டும். அமிலமில்லாத அட்டை, துருப்பிடிக்காத எஃகுத் திருகு. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு தக்கை ஒட்டினால் சுவரின் ஓதம் ஏறாது, காற்றும் ஓடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

தொண்டி மாணவி:
சட்டம் போடும் காக்கா (அண்ணன்) சொன்னது ரோத்கோவுக்கே நடந்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்கு அவர் வரைந்த ஐந்து பெரிய ஓவியங்களை 1964இல் பொருத்தினார்கள். பெரிய சன்னல்கள் வழியாக வெயில் பாய்ந்தது. லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சம் தாங்காதது, சிவப்பு வெளுத்துப்போனது. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். 2014இல் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, இழந்த நிறத்தைப் புரொஜெக்டர் ஒளியால் ஓவியத்தின் மேல் பாய்ச்சிக் காட்டினார்கள்.

மண்டபத்துக்காரி:
அப்படியென்றால் ஐயா, அங்கே போய்ப் பார்ப்பவர் மட்டும் அசல் நிறத்தையா பார்த்தார்?

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), இராமநாதபுரம்:
நிறம் போனாலும் அவர் கைபட்ட துணி அங்கே இருக்கிறது, தூரிகை போன தடம் இருக்கிறது. அச்சில் அது பிறக்கவே இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்டி மாணவி:
ஐயா, உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். அச்சுக்கென்றே செய்த நவீன ஓவியங்களும் உண்டே. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்து ஒட்டி, 'ஜாஸ்' என்ற தொகுப்பை 1947இல் அச்சில் கொண்டுவந்தார். இருபது படங்கள். தட்டையான நிறம், கூர்மையான விளிம்பு. அச்சில் இழப்பு குறைவு. பதிப்புரிமைச் சிக்கலும் இங்கே இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மத்தீஸ் இறந்தது 1954இல். ரோத்கோ இறந்தது 1970இல், அதனால் 2030 முடியும்வரை உரிமை உண்டு. அக்கா, விற்பவர் அனுமதி பெற்று அச்சிட்டாரா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), இராமநாதபுரம்:
மத்தீஸ் விஷயத்தில் மாணவி சொல்வது சரி. அதை மாட்டினால் வந்து பார்ப்பேன். ரோத்கோ வேண்டாம்.

மண்டபத்துக்காரி:
விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். அனுமதியைப் பற்றிப் பதில் இல்லை. மை என்ன மை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அதனால் இப்போதைக்கு அதை வாங்கவில்லை. ஆனால் அந்த ஆரஞ்சு என்னை விடவில்லை ஐயா, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மத்தீஸின் இருபதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலத்தின் நடுவே ஒருவன் விழுவதுபோல் ஒன்று இருக்கிறது. வெயில் விழாத வடக்குச் சுவரில் அளவெடுத்துவிட்டேன். ஐந்தடி அகலம். காக்கா, இரண்டடிப் படத்துக்கு மவுண்ட் எத்தனை அங்குலம் விடலாம்?

கீழக்கரை சட்டக்காரர்:
மூன்று அங்குலம். அடிப்பக்கம் மட்டும் மூன்றரை விடுங்கள், படம் கீழே சரிந்ததுபோல் தெரியாது.